கூடுதல் வரி கேட்ட ஆட்சேபணை டீச்சர்

வரி குறைகிறது என்று கேட்டதும் ஆத்திரப்பட்ட ஒரே ஆள் இந்த நாட்டில் எங்கள் ஆட்சேபணை டீச்சராகத்தான் இருக்க முடியும். வரி கூடினால் கத்துகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் எனக்குக் குறைக்க வேண்டாம், பழையபடி கூட்டியே பிடி என்று அலுவலகத்துக்குள் வந்து மேசையைத் தட்டியவர் வேறு யாரும் இல்லை. அவர் தட்டியது என் மேசையை.

பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் இளநிலை உதவியாளர். சம்பளப் பட்டியல் போடுவதும் அதில் வருமான வரி பிடிப்பதும் என் வேலை. டீச்சர் அங்கே கணக்கு எடுத்தார். பெற்றோர் அவருக்கு வேதாகமத்திலிருந்து அழகான பெயர் ஒன்றைத் தேடி வைத்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாணவர்கள், பெற்றோர்கள், பள்ளி வாசலில் கொய்யாப்பழம் விற்கிறவர் எல்லோருக்குமே அவர் ஆட்சேபணை டீச்சர்தான்.

பெயர் சும்மா வரவில்லை. பேருந்தில் நடத்துநர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்றால், "உள்ளன்னா எங்க? டிரைவர் மடிலயா?" என்று கேட்பார். ஆண்டு விழாவில் குழுப் படம் எடுக்க வந்தவர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னபோது, காரணம் சொன்னால் சிரிப்பதாகச் சொல்லிக் கையைத் தூக்கினார். அந்தப் படம் இன்றும் தலைமையாசிரியை அறையில் தொங்குகிறது. ஊரே சிரித்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு கை மட்டும் நிற்கிறது. எங்கள் சபைக் கோவிலில் பாதிரியார் ஐயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மை ஆளுகிறவர்களுக்காக உருக்கமாக ஜெபம் பண்ணினார். சபை முழுக்க ஆமென் சொன்னது. ஆமென் அடங்கிய பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து, "பொறவு பாப்போம்" என்று ஒரு குரல் கேட்டது. அது பட்ஜெட் வந்த வாரம்.

வரி விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சம்பளக்காரருக்கு வரி போட இரண்டு முறைகள் இருக்கின்றன. பழைய முறையில் சேமிப்பு, வீட்டு வாடகை, மாற்றுத்திறனாளி ஒருவரை வைத்துப் பராமரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்துக்கு வரி சற்று அதிகம். புதிய முறையில் வரி குறைவு. ஆனால் அந்தக் கழிவுகள் கிடையாது. பேசாமல் இருந்தால் புதிய முறைதான் வரும். பழையது வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு மேல், சட்டத்தையே எளிய நடையில் புதிதாக எழுதிவிட்டார்கள் என்ற செய்தியும் வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? டீக்கடை, முடிதிருத்தும் கடை, கல்யாணப் பந்தி என்று போகிற இடமெல்லாம் அதே பேச்சு.

எங்கள் ஆசிரியர் அறையில் புதிய முறையின் தலைமைத் தொண்டர், விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் பி.டி. சார். பழைய முறையில் அவர் பட்ட பாடு அப்படி. ஒவ்வொரு ஜனவரியிலும் வாடகை ரசீதுக்காக வீட்டுக்காரர் காலில் விழாத குறையாக நிற்பார். மச்சான் கட்டாயப்படுத்தி எடுக்க வைத்த இன்சூரன்ஸ் பத்திரத்தை வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அரிசிப் பானைக்கு அடியில் கண்டுபிடிப்பார். புதிய முறை வந்ததும் பள்ளிக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார். டீச்சரும் ஒரு லட்டு எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு விவரம் தெரியாது.

விவரம் சொன்ன பாவி நான்தான். இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி, ஒரு மத்தியானம் அவரிடம் நீட்டினேன். புதிய முறைதான் உங்களுக்கு லாபம், நன்றாகவே குறைகிறது என்றேன். நல்ல செய்தி சொல்கிறவனின் இளிப்பு என் முகத்தில் இருந்திருக்கும்.

அவர் தாளை மேலிருந்து கீழே படித்தார். திருப்பி, எதுவும் எழுதாத பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இதுல துரை எங்கலே?"

"புதுமுறைல அந்தக் கழிவு கெடையாது டீச்சர். ஆனா வரி கொறையுதுல்லா."

"வரி கொறையுது, சரி. துரையும்லா கொறையுதான்."

மேசையைத் தட்டியது அப்போதுதான். என் டீ சிந்தியது.

துரை அவருடைய தம்பி. ஐம்பதைத் தாண்டியவர். அறிவு வளர்ச்சி சின்ன வயதிலேயே நின்றுவிட்டது. அவ்வப்போது வலிப்பும் உண்டு. டீச்சரைப் பெண் பார்க்க வந்தவர்கள், துரையை எங்கே விடப் போகிறீர்கள் என்று கேட்டார்களாம். டீச்சர் அவர்களை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியுமாக ஒரே வீடு. அவர் பள்ளிக்கு வரும் நேரத்தில் துரையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் அம்மா இருந்தார். கதவைத் தாழ்ப்பாள் போட அந்த அம்மா ஒருநாள் மறந்துவிட, துரை கிளம்பிப் போய் திருச்செந்தூர் பேருந்தில் ஏறிவிட்டார். டீச்சர் அழுதுகொண்டே ஊரெல்லாம் தேடினார். கடைசியில் துரை திருச்செந்தூர்க் கோயில் பக்கம் பாதயாத்திரைக்காரர்களோடு பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது முறை சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்தாலும் துரை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சாப்டாச்சா? அன்றைக்கு அக்காவைப் பார்த்ததும் அதையே கேட்டாராம்.

இந்தத் துரைதான் புதிய முறையில் இல்லை.

நான் சொல்லிப் பார்த்தேன். துரை ஒன்றும் போய்விடவில்லை, ஒரு கழிவுதான் போயிருக்கிறது என்றேன். பி.டி. சார் வந்து, மிச்சமாகிற ரூபாயில் துரைக்கே நாலு சட்டை எடுக்கலாமே என்றார். டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டை எடுக்கத் தனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்றார். அந்த வாரம் முழுக்க ஆசிரியர் அறை இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. ஒரு கட்சியில் டீச்சர். மறு கட்சியில் மற்ற எல்லோரும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பாளையங்கோட்டைக்குப் பக்கத்து வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் புதிய சட்டத்தைப் பற்றி விளக்கக் கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து ஓர் ஆடிட்டர் வந்திருந்தார். சின்ன வயது, நல்ல மரியாதையான பையன். வியாபாரிகள், சம்பளக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று மண்டபம் நிறைந்துவிட்டது. பழைய சட்டத்தின் கடுமையான வார்த்தைகளைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், இனி யாரும் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்று ஆடிட்டர் சொன்னார். சோதனைக்கு வருகிறவர்கள் போனையும் திறந்து பார்க்கலாமாமே என்று ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி கவலையோடு கேட்டார். ஆடிட்டர் பதில் சொல்வதற்குள் அண்ணாச்சியே, தன் போனில் காலை வணக்கம் சொல்லும் பூப்படங்கள்தான் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொண்டு போனால் இடமாவது காலியாகும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மண்டபம் சிரித்தது.

சிரிப்பு ஓயும் முன்பே டீச்சர் மைக்கை வாங்கிவிட்டார்.

"வார்த்தையப் பாதியாக் கொறச்சாச்சுன்னு சொல்லுதிய. சந்தோசம். எங்க வீட்ல ரெண்டு பேரு. ஒங்க புதுமுறைல நான் மட்டுந்தான் இருக்கேன். எந்தம்பிய எங்க வச்சிய?"

ஆடிட்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். பழைய முறை இன்னும் இருக்கிறது, அதில் அந்தக் கழிவும் இருக்கிறது. விரும்பினால் அதையே எடுக்கலாம். ஆனால் வரி கூடும், நஷ்டம் உங்களுக்குத்தான்.

"தனி ஆளு ஒருத்தரும் நானும் ஒரே சம்பளம் வாங்குதோம்னு வச்சுக்கிடுங்க. அவரு பைக் வாங்குதாரு. நான் ஆளு போட்டுத் தம்பியப் பாக்கேன், மருந்து வாங்குதேன். ரெண்டு பேருக்கும் ஒரே வரின்னா அது என்ன நியாயம்? அவனுக்கு எடம் வேணும்னா நான் அபராதங் கட்டணுமா?"

எனக்கு முன் வரிசையில் இருந்த பி.டி. சார் தன் புது பைக்கின் சாவியை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டார். ஆடிட்டர் தண்ணீர் குடித்தார். நல்ல கேள்விதான் என்று ஒப்புக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பின்னாலிருந்து ஒருவர், "கொறையுதத வாங்கிட்டு உக்காருங்கம்மா, நேரமாவுது" என்று குரல் கொடுத்தார். பூப்படத்துக்குச் சிரித்ததைவிட அதிகமாக மண்டபம் சிரித்தது.

எனக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது. அதுவரை நானும் டீச்சரை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மண்டபத்தில் படுத்த படுக்கையாகத் தாய் கிடக்கிற வீட்டுக்காரர்கள் இருந்திருப்பார்கள். பேச வராத பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சட்டம் எளிமையாக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ரசீது தேடி அலைந்தவர்களின் முகத்தை வருடா வருடம் பார்த்தவன் நான். ஆனால் எளிமையாக்கப் போகும்போது முதலில் தூக்கி வெளியே வைப்பது ஏன் இந்த மனிதர்களை? வாய் திறந்து கேட்க முடியாதவர்கள் என்பதாலா? கேட்பதற்கு ஒரு அக்கா வந்தால் அவரையும் உட்காரச் சொல்கிறோம்.

மறுநாள் காலையில் டீச்சர் பழைய முறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தலைமையாசிரியை அவரை அழைத்து, ஒரு கணக்கு டீச்சரே இப்படிச் செய்தால் பிள்ளைகள் என்ன நினைக்கும் என்று அன்பாகத்தான் கேட்டார். வெளியே வந்த டீச்சர் என்னிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, தலைமையாசிரியை நாற்காலி ஆடுகிறது, அதைச் சரிபண்ணு என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

கழிவுக்குக் காட்ட வேண்டிய துரையின் பழைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் முத்திரை அழிந்துபோயிருந்தது. புதிது வாங்க வேண்டும் என்று சொன்ன குற்றத்துக்காக ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். நல்ல கூட்டம். துரை வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். பொத்தானைத் தானே போட்டுக்கொண்டதால் சட்டை ஒரு பக்கம் ஏறி நின்றது. வரிசையில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சாப்டாச்சா என்று விசாரித்தார். டீச்சர் அதற்குள் டோக்கன் கொடுக்கிறவர், மின்விசிறி, உட்காரப் போட்டிருந்த பெஞ்சு ஆகிய மூன்றுக்கும் ஆட்சேபணை தெரிவித்து முடித்திருந்தார்.

உள்ளே ஒரு பெண் மருத்துவர். துரையைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெயரைக் கேட்டார். துரை சொன்னார். கிழமை கேட்டதற்குச் சிரித்தார். பிறகு மருத்துவர் டீச்சரைக் காட்டி, இவங்க யாரு என்றார்.

"அக்கா."

"அக்கா என்ன வேலை பாக்காங்க?"

துரை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "சண்ட போடுதா."

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாரோட என்றார்.

"எல்லாரோடயும்." பிறகு அவராகவே சொன்னார்: "எங்கூட மட்டும் போட மாட்டா."

மருத்துவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அந்த அறைக்குத் திரைச்சீலை இல்லாததைப் பற்றி ஏதோ சொல்லப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டு வந்து, துரையின் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார்.

அந்த ஆண்டு அவருக்கு வரி கூடுதலாகத்தான் பிடித்தேன். சம்பளச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். ஊரில் சிலர் பிழைக்கத் தெரியாத டீச்சர் என்றார்கள். அவர்களோடு நானும் இரண்டு இடத்தில் சண்டை போட்டேன். அந்த வேலை அவ்வளவு சுலபமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் ஒரு வெயில் நேரத்தில் அக்காவும் தம்பியும் ஓய்வூதியக் காகிதங்களோடு என்னைப் பார்க்க வந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்து, இனி எந்த முறையிலும் உங்களுக்கு வரியே வராது என்றேன். அவர் சந்தோஷப்படவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, நான் கணக்குப் போட்ட தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அப்போ இனிமே துரைய யாரும் கேக்க மாட்டாவளாலே?"

வரி இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் பண்ணலாம் என்றேன். பழைய முறையில் போனால் பராமரிக்கப்படுகிறவர் யார் என்று கேட்கிற கட்டம் வரும், அதில் சகோதரர் என்று போடலாம் என்றேன்.

"நீயே போட்டுத் தருவியா?"

"வீட்டுக்கே வந்து போட்டுத் தாரேன் டீச்சர்."

"அவசரமில்ல, பைய வா. எழுத்துப் பிழ இல்லாமப் போடணும்."

துரை என் தோளைத் தொட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். மணி மூன்றாகியும் நான் சாப்பிட்டிருக்கவில்லை. இல்லை என்று சொன்னதுதான் தாமதம், மனுஷன் வேலை பார்க்கிற இடத்தில் சாப்பாட்டுக்கு நேரம் கிடையாதா என்று டீச்சர் தலைமையாசிரியை அறையைப் பார்த்துப் புறப்பட்டுவிட்டார். எனக்காக ஒருவர் சண்டை போடப் போவதை நான் தடுக்கவில்லை.