டைம் கீப்பரின் அரை நொடி

விடுதலைக்காக மனிதர்கள் சிறை சென்றிருக்கிறார்கள், சொத்து சுகம் துறந்திருக்கிறார்கள். ஆனால் பதினாறு வயதான ஒரு மடிக்கணினியின் விடுதலைக்காகத் தன் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையையும் துறந்த ஒரு மாமனிதரின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அந்தப் பெருங்குறை இன்றோடு தீர்கிறது.

மாமனிதர் ஒரு பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று குறிப்பதும், விசில் ஊதி வண்டியைக் கிளப்புவதும் உத்தியோகம். இரண்டு நிமிடம் தாமதமாக வந்த டிரைவரிடம் காரணம் எழுதி வாங்காமல் விடமாட்டார். வீட்டிலோ அவர் இசைக் கலைஞர். திறந்தால் முனகுகிற, மூடினால் திறக்க மறுக்கிற அந்தப் பழைய கணினியில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றி, எந்த நிறுவனத்துக்கும் அடிமைப்படாமல் சுதந்திரமாக இசை செய்கிறவர். செய்யப்போகிறவர் என்றால் இன்னும் சரியாக இருக்கும்.

'விடுதலை இசைக் கணினியாளர் பேரவை' என்ற இணைய மன்றத்தில் அவர் மட்டுறுத்துநர் வேறு. சம்பந்தமில்லாத கேள்விகளை நீக்குகிற அதிகாரம் அவருக்கு உண்டு. அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்துவந்தார்.

அவருடைய கணினிக்கு ஒரே ஒரு 'சிறப்பம்சம்' இருந்தது. அதோடு இணைத்திருந்த குட்டிக் கீபோர்டில் கட்டையை அழுத்தினால், ஒலி அரை நொடி கழித்துத்தான் கணினியிலிருந்து வரும். பேரவை கூடி ஆலோசித்தது. பேரவை சொன்னபடி அவர் லினக்ஸின் உட்கருவான கர்னலை மாற்றினார், சவுண்ட் டிரைவரை மாற்றினார், மூன்று முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினார். அரை நொடி அசைந்துகொடுக்கவில்லை. பணிமனையில் எந்த டிரைவருக்கும் அவர் இவ்வளவு சலுகை காட்டியதில்லை.

கடைசியில் மேதைகளுக்கே தோன்றக்கூடிய தீர்வு அவருக்குத் தோன்றியது. கணினியைத் திருத்த முடியாவிட்டால் என்ன? தன்னைத் திருத்திக்கொண்டார். ஒவ்வொரு கட்டையையும் அரை நொடி முன்னதாகவே அழுத்தப் பழகினார். பதினோரு மாதச் சாதகத்தில் விரல்கள் முந்திக்கொள்ள, ஒலி கச்சிதமாகத் தாளத்தில் வந்து விழுந்தது. பயிற்சி விரலோடு நிற்கவில்லை. பணிமனையில் விசில் அரை நொடி முன்னால் ஊதிற்று. வீட்டில் மனைவி பேசி முடிப்பதற்குள் "ம்" வந்தது. மனைவி முதலில் அதை அன்பு என்று நினைத்துவிட்டார்.

மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"என்னங்க, எங்க ஹெட் நர்ஸ் அக்கா அடுத்த மாசம்..."

"ம்."

"...ரிடையர் ஆகுறாங்க. விழாவுல நான் ஒரு பாட்டு..."

"ம், சரி."

"நான் இன்னும் கேக்கவே இல்லீங்க!"

பிறகு கேட்டார். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஊசி போடக் கை நடுங்கி, ஸ்டோர் ரூம்ல உக்காந்து அழுதேன். அந்த அக்காதான் கையப் பிடிச்சு வார்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்களுக்காக நானே ஒரு பாட்டு எழுதியிருக்கேன். இதுவரைக்கும் நாலு பேர் முன்னாடி நான் பாடினதே இல்ல. லேப் டெக்னீஷியன் தம்பி அவரோட கீபோர்டுல வாசிக்கிறேன்னார். வேணாம், எங்க வீட்டுக்காரர் வாசிப்பார்னு சொல்லிட்டேன். வாசிப்பீங்கல்ல?"

"நல்ல வேளை! அவன் கீபோர்டு உள்ள என்ன புரோகிராம் ஓடுதுன்னு அவனுக்கே தெரியாது."

"பாட்டு உள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியுமே, அது போதாதா?"

போதாது என்பதைப் பேரவையின் கொள்கை விளக்கத்திலிருந்து இருபது நிமிடம் விளக்கினார்.

ஒத்திகை தொடங்கியது. மருந்துச் சீட்டுகளின் பின்பக்கம் எழுதிய பாட்டை மனைவி கண்மூடிப் பாடினார். அவர் கண்கொட்டாமல் திரையில் ஓடிய எண்களைப் பார்த்து வாசித்தார். ஒவ்வொரு பதிவுக்கும் பெயர் வைத்தார்: 'சோதனை 1', 'சோதனை 2'. 'சோதனை 212' முடிந்த அன்று மனைவி கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்! ஒரு இடத்துலகூட சத்தம் வெட்டல."

விழா வந்தது. கணினி தலையணை உறையில் பத்திரமாக மேடையேறியது. மின்சாரம் கொடுத்ததும், தன் வன்வட்டைத் தானே பரிசோதிக்கப்போவதாக அறிவித்து, நான்கு சதவீதம் முடித்து, அங்கேயே நின்றுவிட்டது. முன்வரிசையில் ஹெட் நர்ஸ் அக்கா காத்திருந்தார். மனைவி மருந்துச் சீட்டுகளைத் திரும்பத் திரும்ப அடுக்கினார். லேப் டெக்னீஷியன் ஓடிப்போய்த் தன் கீபோர்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதுல வாசிங்க சார். அழுத்தினா உடனே வரும்."

இந்த எச்சரிக்கையின் ஆழம் அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

மனைவி பாட, நம்மவர் பதினோரு மாதச் சாதகத்தை ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் இறக்கினார். ஒவ்வொரு ஸ்வரமும் பாட்டுக்கு அரை நொடி முன்னால் போய் நின்றது. மனைவி எட்டிப் பிடிக்க வேகமெடுத்தார். அவர் வேகமெடுத்ததால் இவர் இன்னும் முந்தினார். மனைவி இரண்டாம் சரணத்தில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தபோது இவர் பாட்டை முடித்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கூடம் சிரித்தது.

மனைவியின் கண்கள் நிறைந்துவிட்டன. கணவர் மீண்டும் வாசிக்கப் போக, அவர் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு எந்தக் கருவியும் இல்லாமல் முதல் வரியிலிருந்து பாடினார். பாதியில் ஹெட் நர்ஸ் அக்கா எழுந்து மேடைக்கு வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடத்தில் மூக்கை உறிஞ்சாதவர் இல்லை. நம்மவரைத் தவிர. நம்மவர் குனிந்து, கீபோர்டின் பின்புறம் மாடல் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டார். "லேட்டா வர்ற டிரைவர்கிட்ட காரணம் எழுதி வாங்குவீங்கல்ல? முந்தி வந்ததுக்கு நீங்க எழுதுங்க."

அவர் கடமை தவறாதவர். உடனே உட்கார்ந்து எழுதினார், பேரவையில்.

"பிழை அறிக்கை: மேடைக் கீபோர்டுகளில் கட்டையை அழுத்திய உடனேயே ஒலி வந்துவிடுகிறது. முறையாகப் பழகிய கலைஞர்கள் இதனால் கடுமையாகப் பாதிக்கப்படுகிறார்கள்."

சிறிது நேரத்தில் நாற்பத்து மூன்று பேர் "எனக்கும் இதே பிரச்சினை" என்று வழிமொழிந்தார்கள். எந்தக் கீபோர்டையும் அரை நொடி தாமதப்படுத்தும் மென்பொருளை இலவசமாக எழுதித்தர ஒருவர் முன்வந்தார். அந்த நாற்பத்து மூவரில் இந்தக் கதையைச் சொல்கிறவனும் ஒருவன் என்பதை மறைத்துப் பயனில்லை.

அப்போது, அன்றுதான் சேர்ந்த புது உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வி போட்டார்: "பாட்டு எப்படி இருந்தது? முதல் வரியை மட்டும் சொல்ல முடியுமா?"

நம்மவர் யோசித்தார். பாட்டின் நீளம் நான்கு நிமிடம் பதினெட்டு நொடி என்று தெரியும். ஒவ்வொரு பதிவும் வட்டில் எவ்வளவு இடம் பிடித்தது என்று தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு முறை வாசித்த பாட்டின் முதல் வரி மட்டும், தலைகீழாக நின்றும் வரவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மட்டுறுத்துநருக்குரிய கண்டிப்போடு பதில் எழுதினார்.

"தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. நீக்கப்படுகிறது."

அனுப்பினார். அரை நொடிகூடத் தாமதிக்காமல், அடுத்த அறையில் மனைவியின் போனில் பேரவையின் அறிவிப்பு மணி அடித்தது.