டகோட்டாவின் முதுகு

உலகத்தில் இதுவரை விமானம் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரும் விமானத்துக்குள் உட்கார்ந்து ஓட்டியிருப்பார்கள், இல்லையென்றால் அதைப் பார்த்துக்கொண்டாவது ஓட்டியிருப்பார்கள். விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் டகோட்டாதான். இதில் யாரோடும் வாதாட நான் தயாரில்லை. பக்கத்திலேயே நின்று நடுங்கியவன் நான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆவடி குவார்ட்டர்ஸில் அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்த எனக்கே அது தெரியாது. தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை. மீனம்பாக்கம் பக்கம் போகிற விமானச் சத்தம் கேட்டால் பிரஷ்ஷும் கையுமாக வெளியே ஓடிவந்துவிடுவார். ஃபோர்மன் திட்டுவதற்குள் விமானம் மறைந்துவிடும், திட்டு மட்டும் மிஞ்சும்.

அவருடைய மச்சான் கப்பலில் சமையல்காரன். ஒருமுறை ஊர் திரும்பியபோது, ஆள் படுக்கலாம் போல நீளமான பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். டகோட்டாவின் மனைவி லோகாக்கா பெட்டியின் அளவைப் பார்த்ததுமே ஃபிரிஜ் என்று முடிவு செய்து, தெருவில் நாலு வீட்டுக்கு ஐஸ் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். திறந்தால் உள்ளே காகிதம் போல லேசான பலகைகள், கட்டுக்கட்டாகக் குச்சிகள், உள்ளங்கையில் அடங்கும் இரண்டு எஞ்சின்கள், ஏரியல் வைத்த ஒரு கண்ட்ரோல் பெட்டி, வேட்டி நீளத்துக்கு ஒரு வரைபடம்.

"இன்னாடா இது?"

"டகோட்டா, அக்கா. சரக்கு ஏத்துற ஏரோப்ளேன். நாமளே ஒட்டி, கீழ நின்னு ரேடியோவுல ஓட்டலாம்."

"ஐஸ் போடுமா?"

அன்றைக்கு லோகாக்கா அந்தப் பெட்டியோடு ஆரம்பித்த சண்டை ஒரு வருஷம் ஓடியது. அன்றைக்குத்தான் அவர் வீட்டுக்காரருக்கும் டகோட்டா என்று பெயர் வந்தது.

வரைபடத்தில் இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னது மகள் மல்லிகா. அவள் சொல்லச் சொல்ல இவர் அறுப்பார், ஒட்டுவார், ஊதுவார். கண்ட்ரோல் பெட்டியைச் சோதிக்க அவருக்குக் கிடைத்த நேரம் சினிமாப் பாட்டு நேரம். தெரு முழுக்க ரேடியோக்கள் கொர்ரென்று உறும, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போவார். அவர்களையும் உட்காரவைத்து ஒரு குச்சியைப் பிடிக்கக் கொடுத்துவிடுவார்.

இறக்கை ஒன்பது அடி. கூடம் பத்தடி. வீட்டில் எல்லோரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கப் பழகினார்கள். இரண்டு ஸ்டூல், அதன் மேல் பலகை, பலகை மேல் இறக்கை. இறக்கையின் நடு ஒட்டு ஒட்டிய மறுநாள் காலையில்தான் தரகர் வந்து நின்றார்.

"மாப்ள ஊட்டுக்காரங்க அரக்கோணத்துல ரயில் ஏறிட்டாங்க. இன்னிக்கு நாள் நல்லா கீதாம்."

அடுத்த வாரம் வருவதாகப் பேச்சு. லோகாக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "யோவ், இத்தத் தூக்கி வெளில போடு."

"இன்னும் காயலடி. இப்ப தூக்கினா வளைஞ்சிரும். வளைஞ்ச றெக்க பறக்காது."

பேசிப் பயனில்லை என்று லோகாக்காவுக்குத் தெரியும். பெட்டியிலிருந்து நல்ல ஜமுக்காளத்தை எடுத்து இறக்கை மேல் விரித்து, ஓரத்தைச் சரிசெய்து, ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார். விமானம் சுத்தமாக மறைந்துவிட்டது. உட்காருங்கள் என்று அழைக்கிற அருமையான பெஞ்சு ஒன்று கூடத்தின் நடுவில் உருவாகியிருந்தது. இதை யாரும் யோசிக்கவில்லை, பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த நான் உள்பட.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அந்த வீட்டில் எந்த முடிவும் மாமன் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று தரகர் முதலிலேயே காதில் போட்டிருந்தார். மாமன் நல்ல கனத்த சரீரம். மற்ற இருவரும் பாயில் உட்கார, இவர் பாயைப் பார்த்தார், தன் முழங்காலை நினைத்துப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. வேட்டியை லேசாகத் தூக்கிக்கொண்டு, திரும்பி நின்று, குனிய ஆரம்பித்தார்.

டகோட்டாவுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. லோகாக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் பஜ்ஜித் தட்டும் கையுமாக நின்றேன். அந்த நேரம் பார்த்து, காப்பித் தட்டோடு தலை குனிந்து மல்லிகா வந்தாள்.

"மாமா, உக்காராதீங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறந்து பேசுவதே அதிகம். பேசிய முதல் வார்த்தை இது. மாமன் பாதிக் குனிந்த நிலையிலேயே நின்றார். நிமிர்ந்தால் சொல்லுக்குக் கட்டுப்பட்டதாக ஆகும், உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாது.

"ஏம்மா, நான் உக்காரக் கூடாதா?"

"றெக்க இன்னும் காயல மாமா."

மாப்பிள்ளை மெல்ல எழுந்து வந்து ஜமுக்காளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை மல்லிகா பார்த்தாள். "ஏரோப்ளேன் மாமா" என்றார். மாமன் நிமிர்ந்தார். இப்போதாவது டகோட்டா அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவரோ முழங்காலிட்டு, ஜமுக்காளத்துக்குள் கையை விட்டு, ஒட்டைத் தடவிப் பார்த்து, "ஒண்ணும் ஆவல" என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

"ஊருக்குப் போய் சொல்லி அனுப்பறோம்" என்றார் மாமன். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். பஜ்ஜி அப்படியே ஆறிப்போனது.

அன்று லோகாக்கா திட்டியதில் எழுதக்கூடியது ஒன்றுமில்லை. மல்லிகா மட்டும் ஒன்று சொன்னாள். "அவரு நல்லாத்தாம்மா இருந்தாரு." அதைக் கேட்டதும் டகோட்டா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர்தான். நேராக அரக்கோணத்து ரயிலைப் பிடித்திருக்கிறார்.

அங்கே மாமன் நாற்காலியைக் காட்டினாராம். "எங்க ஊட்ல உங்கள உக்கார விடல. இங்க நான் உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் வரை சுவரோரமாக நின்றிருக்கிறார். கடைசியில் மாமன் தீர்ப்புச் சொன்னார்.

"சரி, அது பறக்கட்டும். பறந்துதுன்னா பொண்ணு என்னைத் தடுத்ததுல நாயம் இருக்கு. பறக்கலைன்னா, ஒரு குப்பைக்காக என்னை நிக்க வெச்சிருக்கீங்க. அப்புறம் இந்தப் பேச்சே வேணாம்."

ஆக, மல்லிகாவின் கல்யாணம் அந்த ஒன்பது அடி இறக்கையின் மேல் ஏறி உட்கார்ந்தது.

கோடையில் எங்கள் பக்கத்து ஏரி காய்ந்து கிடந்தது. அந்த வெடித்த தரையில் விமானத்தை உருட்டிப் பார்த்தபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் வலது நமக்கும் வலது. நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போது அதன் வலது நமக்கு இடது. டகோட்டாவின் கைக்கு இது ஏறவே இல்லை. விமானம் திரும்பி வந்தபோதெல்லாம் வேலிக்காத்தான் புதரில் போய் நின்றது. கடைசியில் மல்லிகாதான் வழி கண்டுபிடித்தாள். அது திரும்பி வந்தால் அப்பாவும் திரும்பிக்கொள்ள வேண்டும். விமானத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் அதன் வலதும் அவர் வலதும் ஒன்று. பார்த்துச் சொல்ல அவள் இருக்கிறாள்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை மாமன் குடையோடு வந்து சேர்ந்தார். கூடவே மாப்பிள்ளை. தெருவே ஏரிக்குள் நின்றது. எஞ்சினை முடுக்கப் போன நேரத்தில் டகோட்டாவுக்கு ஒரு கொள்கைப் பிரச்சினை வந்துவிட்டது.

"காலியா வுட மாட்டேன். சரக்கு ஏத்தாத சரக்கு விமானம் இன்னாத்துக்கு?"

"ஒரு கல்லை வையுங்க அண்ணாத்தே" என்றேன்.

"கல்லு எப்பிடி தம்பி சரக்காவும்? ஒருத்தருக்கு வேண்டியதா இருக்கணும்."

மாமன் இடுப்பிலிருந்து பித்தளை வெற்றிலைப் பெட்டியை எடுத்து நீட்டினார். "இது எனக்கு வேண்டியது. வைங்க. திரும்பி வருதா பாப்போம்." லோகாக்கா தாலியைக் கையில் பிடித்துக்கொண்டார்.

வாலைப் பிடித்திருந்தது நான். விட்டேன். புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது, குதித்தது, மறுபடி தரையைத் தொட்டது, பிறகு தொடவில்லை. வெற்றிலைப் பெட்டியைச் சுமந்துகொண்டு நிஜமாகவே மேலே போனது. ஏரியின் அக்கரை வரை போய் வளைந்து திரும்பியபோது ஒரு எஞ்சின் இருமி நின்றது. விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து, இறங்கிக்கொண்டே எங்களைப் பார்த்து வந்தது.

டகோட்டா திரும்பி முதுகைக் காட்டினார். அவர் கண்ணெதிரே இருந்தது ஆவடி ரயில் பாதை மட்டும்.

"நைனா, ரைட்டு. இன்னும் ரைட்டு. தூக்கு நைனா."

"தூக்குறேன். ஏறுதா?"

"ஏறல."

அது நேராகக் குடையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மாமன் வாயைத் திறந்துகொண்டு அப்படியே நின்றார். நாங்கள் கத்தியது எதுவும் அவர் காதில் விழவில்லை. மல்லிகாவின் குரல் மட்டும் விழுந்தது.

"மாமா, உக்காருங்க."

மாமன் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியோடு, முழங்காலைப் பற்றி யோசிக்காமல், வெடித்த தரையில் தொப்பென்று உட்கார்ந்தார். குடை பறந்தது. விமானம் அவர் தலை இருந்த இடத்தைக் கடந்து, தரையை உரசிக்கொண்டு போய்ப் புழுதிக்குள் நின்றது. மாப்பிள்ளை ஓடினார். இறக்கையில் கை வைக்காமல், வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்து, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாமன் தரையில் இருந்தபடியே மல்லிகாவைப் பார்த்தார்.

"எழுந்திருக்கலாமாம்மா?"

"எழுந்திரிங்க மாமா."

எழுந்தார். விமானத்தின் வயிற்றிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்து, வெற்றிலையும் பாக்குமாக அள்ளி டகோட்டாவின் கையில் வைத்தார். "தட்டை அப்புறம் மாத்திக்கலாம். இப்ப இதை வாங்கிக்கங்க." லோகாக்கா அழுதார். ஃபிரிஜ் வராத வருத்தம் அன்றைக்குத்தான் தீர்ந்தது என்று பிறகு சொன்னார்.

கல்யாணம் முடிந்து மல்லிகா அரக்கோணம் போனாள். இறக்கை கழற்றிய விமானம் கூடத்தில் சுவரோரமாகக் கிடந்தது. டகோட்டா அதைத் துணியால் துடைப்பார், வைப்பார், அவ்வளவுதான். ஏன் பறக்கவிடுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"திரும்பி நின்னா யாரு தம்பி சொல்லுவாங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு நான் போனேன், அவருக்குப் பார்த்துச் சொல்ல. எனக்கு வலது இடது அவசரத்தில் தடுமாறும். முதல் நாளே விமானத்தை வேலிக்காத்தானுக்குள் அனுப்பிவைத்தேன். அவர் முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே, "பரவால்ல தம்பி, மல்லிகாவும் மொதல்ல இப்பிடித்தான்" என்றார்.

மல்லிகா ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பொய்க்காகவே, ஆவடியை விட்டுக் கிளம்பும் வரை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நான் அவர் முதுகுக்குத் துணையாக நின்றேன்.