தணலனின் இடுப்பு விஷயமாகச் சம்பந்திக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லப்போகும் சம்பந்தியம்மாளுக்கும் என் பணிவான வணக்கம்.

நாங்கள் இங்கே உடம்பளவில் சுகம். மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். நான் வாயைத் திறந்தால் சொல்ல வந்தது உள்ளேயே தங்கிவிடும், சொல்லக் கூடாதது முந்திக்கொண்டு வெளியே வந்துவிடும். எழுத்து என்றால் என் மனைவி பின்னால் நின்று பார்த்து அடித்துவிடுவாள். இந்தக் கடிதத்தில் கறுப்பாகத் தெரியும் இடமெல்லாம் அவள் கைவரிசை.

விஷயம் இதுதான். உங்கள் பிள்ளை, எங்கள் மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். காரணம் நான். நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி மறுபடி அனுப்பிவைக்க வேண்டும். இனி வருவதெல்லாம், நான் ஏன் பாதி நிரபராதி என்பதற்கான விளக்கம்.

பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் நீங்கள் "கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று முடித்துக்கொள்வீர்கள். பெண் பார்க்க வந்தபோது எங்களிடமும் அப்படித்தான் முடித்துக்கொண்டீர்கள். அவர் வீடியோ கேம் கம்பெனியில் மிருகம் வரைகிறார். உலகத்தில் இல்லாத மிருகம். அந்த விளையாட்டில் நாம் புல்வெளியில் நடந்துகொண்டே போவோம், ஏதாவது ஒன்று முன்னால் வந்து குதிக்கும், அதை அடித்துக் களைக்கவைத்து ஒரு டப்பாவுக்குள் பிடித்துப் போட்டு, வளர்த்துப் பெரிதாக்கி, அடுத்தவன் வளர்த்ததோடு சண்டைக்கு விட வேண்டும். எனக்கு முழங்கால் அறுவை முடிந்து, படுக்கையில் கிடந்தபடி கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்த சமயத்தில், மாப்பிள்ளை தான் சின்ன வயதில் விளையாடிய பழைய மிஷின் ஒன்றை, உள்ளங்கை அளவுதான் இருக்கும், கொண்டுவந்து கொடுத்தார். "சும்மா பாருங்க மாமா, பொழுது போகும்" என்றார். பொழுது போனது. கூடவே என் மரியாதையும் போனது.

கால்நடை மருத்துவர்கள் இதை விளையாடக் கூடாது என்று அட்டையிலேயே எழுதியிருக்க வேண்டும், சம்பந்தி. ஆரோக்கியமாகத் துள்ளிக்கொண்டிருக்கும் பிராணியை அடிக்க எனக்குக் கை வரவில்லை. அடிக்காமல் வெறும் டப்பாவாக எறிந்துகொண்டே இருந்தேன், அதுகளும் சிரித்துக்கொண்டே ஓடிப்போயின. அந்த உலகத்தில் ஊருக்கு ஊர் ஒரு மிருக ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஒரு பெண் எல்லா மிருகங்களையும் ஒரே தட்டில் வரிசையாக வைக்கிறாள், சின்னதாக ஒரு பாட்டு வருகிறது, எல்லாம் குணமாகிவிடுகிறது. வாயைக் கட்டவில்லை, ஊசி குத்தவில்லை, யாரும் அவளைக் கடிக்கவில்லை. என் கிளினிக் கம்பவுண்டரம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஊருக்கு டிரான்ஸ்பர் கிடைக்குமா டாக்டர்?" என்று கேட்டார். பாவம், அன்று காலையில்தான் ஒரு பூனை அவர் முழங்கையைக் கிழித்திருந்தது.

அதிலிருந்து ஞாயிறுதோறும் மாப்பிள்ளை வருவார், நான் கருத்து சொல்வேன், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். என் கருத்துகள் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத கருத்துகள் என்று அவரே சொல்வார். பஞ்சுக்குட்டி என்று ஒன்று இருக்கிறது. உருண்டையாக, பெரிய கண்ணோடு, பையிலும் சட்டையிலும் தண்ணீர் பாட்டிலிலும் அச்சடித்து எல்லோரும் கொஞ்சுகிற உருப்படி. "இதுக்குக் கழுத்தே இல்ல மாப்பிள்ளை, முதல்ல சர்க்கரை இருக்கான்னு பாருங்க" என்றேன். முதுகில் மரம் வளர்த்துக்கொண்டு திரியும் ஆமையைக் காட்டினார். "அதோட முதுகெலும்பை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன். அப்புறம் சாவிக்கொத்தன். அது நிஜமாகவே ஒரு சாவிக்கொத்து, கண் வைத்த சாவிக்கொத்து, அவ்வளவுதான். கற்பனை வறண்டுபோய் மேஜையில் கிடந்ததை வரைந்துவிட்டார்கள் என்று விளையாடுகிறவர்கள் எல்லோரும் அதைக் கரித்துக்கொட்டுகிறார்கள். எனக்கு அவன்தான் உயிர். அவனுக்கு ஈரல் கிடையாது, குடல் கிடையாது, ஆகையால் வியாதி கிடையாது. நானும் மிருகம்தான் என்று பொய் சொல்லாத ஒரே மிருகம் அவன்.

எனக்குப் பிள்ளை இல்லை, ஒரே பெண். நான் பேச ஆரம்பித்தால் என் வீட்டில் ஒவ்வொருவருக்கும் உள்ளறையில் ஏதாவது வேலை வந்துவிடும். எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டவர் மாப்பிள்ளை ஒருவர்தான். அவர் வராத ஞாயிறு எனக்கு ஆகவில்லை. மத்தியானத்துக்கு மேல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், சம்பந்தியம்மாள் இந்த வரியை மட்டும் மெதுவாகப் படிக்கட்டும்.

தணலனுக்கு வருகிறேன். பழைய விளையாட்டில் தணலன் என்பது கொஞ்சம் புள்ளிகள்தான். வயிறு தரையில் உரச நாலு காலில் ஊர்ந்து வரும், வால் நுனியில் ஒரு துளி நெருப்பு. மீதியை நாமே நினைத்துக்கொள்ள வேண்டும், நினைத்துக்கொள்ளவும் முடிந்தது. அந்த விளையாட்டைத்தான் மாப்பிள்ளையின் கம்பெனி இப்போது புதிதாகச் செய்து விற்கப்போகிறது. நன்றாக இருந்த வீட்டை வாங்கினவர்கள் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே சுவரை இடிப்பார்களே, அந்தக் கதைதான். புதுத் தணலன் இரண்டு காலில் எழுந்து நிற்கிறது. தலையில் புதிதாகக் கொம்பு, நெஞ்சு பீரோ அகலம், இடுப்பு என் மணிக்கட்டு அகலம். அந்த இடுப்பில் கையை வேறு ஊன்றிக்கொண்டு, வாடகை கேட்க வந்தவன் மாதிரி முறைக்கிறது. கம்பெனி விளம்பரப் படத்தை வெளியிட்டதும் உலகமே கைதட்டியது. வரைந்தவர் நம் மாப்பிள்ளை. அந்த ஞாயிற்றுக்கிழமை படத்தை என்னிடம் நீட்டி, "எப்படி இருக்கு மாமா?" என்றார்.

நல்லா இருக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். என் மனைவி சமையலறை வாசலில் நின்று கண்ணால் அதைத்தான் சொன்னாள். நான் கிளினிக் சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

நான் எழுதியது இவ்வளவுதான்: "நோயாளி: தணலன். இனம்: பல்லிக்கும் பயில்வானுக்கும் நடுவே. பாலினம்: கேட்கத் தைரியம் வரவில்லை. தொந்தரவு: நிற்கிறது. பரிசோதனை: இந்த இடுப்புக்குள் ஒரு குடல்தான் போகும், சிறுநீரகங்களை வெளியே எங்காவது வைத்திருக்கிறதா என்று உடையவரிடம் விசாரிக்கவும். தும்மினால் இரண்டாகும். சிகிச்சை: உடனே நாலு காலில் இறக்கிவிடவும். கொம்பு தானாக விழுந்துவிடும்." கீழே கையெழுத்து, கிளினிக் முத்திரை. மாப்பிள்ளை கண்ணில் நீர் வரச் சிரித்தார், தன் போனில் படம்கூட எடுத்துக்கொண்டார், நானும் என் போனில் ஒன்று எடுத்துவைத்தேன். அதோடு போயிருந்தால் நான் ஏன் உங்களுக்கு எழுதப்போகிறேன்!

எங்கள் கிளினிக்குக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. கட்டுப்போட்ட நாய், தையல் பிரித்த பூனை என்று நான் போனில் படம் எடுத்து அனுப்புவேன், கம்பவுண்டரம்மா அதில் போடுவார். மறுநாள் பார்த்தால், காது சுத்தம் செய்த முயலுக்கும் கால் ஒடிந்த ஆட்டுக்கும் நடுவில் என் சீட்டு. என் விரல்கள் தடிமன், முயலோடு சேர்த்து இதையும் அனுப்பித் தொலைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கம்பவுண்டரம்மாவைக் கேட்டால், "எனக்கு வந்துச்சு, போட்டேன் டாக்டர்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார்.

அதற்குள் சீட்டு எங்கெங்கோ போய்விட்டது. முகம் தெரியாத ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். நாலு கால் கட்சிக்கு நான் தலைவராம். இரண்டு கால் கட்சி என் பட்டத்தையே சந்தேகப்படுகிறது. ஒரு அம்மாள் காது வலிக்கும் பூனையோடு வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தணலனைப் பத்தித் தப்பாப் பேசினது நீங்கதானா? எங்க வீட்ல எல்லாரும் அதுமேல உயிரா இருக்கோம்" என்று பூனையைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். பூனை என்னைப் பார்த்துக்கொண்டே போனது. சரி, மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று நானே பக்கத்தில் எழுதினேன்: தணலன் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை, பஞ்சுக்குட்டியோடு ஒப்பிட்டால் அது ஆரோக்கியமான பிராணிதான் என்று. அதுவரை சும்மா இருந்த பஞ்சுக்குட்டி கட்சியும் வந்து சேர்ந்துகொண்டது. அப்புறம்தான் எவனோ ஒருவன் கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்து, சீட்டு எழுதிய டாக்டர் அந்தப் படத்தை வரைந்தவருக்கு மாமனார் என்று கண்டுபிடித்துவிட்டான். போட்டோவில் நீங்களும் இருக்கிறீர்கள், நன்றாகவே விழுந்திருக்கிறீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாப்பிள்ளை வரவில்லை. பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவர் இப்ப அங்க வர முடியாதுப்பா. ஆபீஸ்ல தலைவரு உங்க சீட்டைப் பெருசா அச்சடிச்சு மீட்டிங்ல வெச்சிருக்காராம்" என்றாள். சொல்லிவிட்டுத் தொண்டையில் ஒரு மாதிரி சத்தம். அழுகையை அடக்குகிறாள் என்று புரிந்துகொண்டு போனை வைத்துவிட்டேன். அவர் வேலைக்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலை மிதிப்பேன், சம்பந்தி? சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே தங்கள் மூலமாக மாப்பிள்ளைக்குத் தெரிவித்துக்கொள்வது: என் கருத்தை முழுவதும் திரும்பப் பெறுகிறேன். இடுப்பு சரியாகத்தான் இருக்கிறது. நிற்பதும் சரி. தணலன் படத்தைக் கிளினிக்கில் என் மேஜைக்கு எதிரே மாட்டிவைத்து, தினமும் அதில் ஏதாவது நல்லது கண்டுபிடிக்கப் பாடுபடுகிறேன். நகம் சுத்தமாக இருக்கிறது. கண்ணில் பீளை இல்லை. கொஞ்ச நேரம் தொடர்ந்து பார்த்தால், முறைப்பது போலத் தெரிவது உண்மையில் பயம் என்று படுகிறது. புது இடத்துக்குக் கூட்டிவந்த பெரிய நாய்கள் அப்படித்தான் நிற்கும். இதையும் அவரிடம் சொல்லுங்கள். வரச் சொல்லுங்கள். வந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன், என் மனைவி ஜாமீன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் பசித்துச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கி, யாருக்கும் எந்த மருத்துவரும் தேவைப்படாமல் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள, தற்சமயம் தலைகுனிந்த சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளையே நேராகக் கிளினிக்குக்கு வந்துவிட்டார். கையில் ஸ்வீட் டப்பா. "ஜெயிச்சிட்டோம் மாமா!" என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உட்கார வைத்துக் கேட்டால் சொல்கிறார்: "அந்தச் சீட்டைக் கம்பவுண்டரம்மாவுக்கு அனுப்பிப் போடச் சொன்னதே நான்தான். எனக்கும் அந்த இடுப்பு பிடிக்கல மாமா. தலைவர் வரையச் சொன்னாரு, வரைஞ்சேன். பழசு மாதிரியே இருக்கட்டும்னு நான் எத்தனை தடவை சொன்னாலும் காதுல போட்டுக்கல. டாக்டர் சீட்டுன்னா யாரும் எதிர்த்துப் பேச முடியாதுல்ல?" ஞாயிற்றுக்கிழமை வராததும் அதற்குத்தானாம், இரண்டு பேரும் கூட்டு என்று ஆபீசில் நினைத்துவிடக் கூடாதே என்று. என் பெண் தொண்டையில் அடக்கியது சிரிப்பு. கம்பவுண்டரம்மா அதுவரை ஜன்னல் வழியாக வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி இறங்கிவந்துவிட்டதாம். புதுத் தணலனை எடுத்துவிட்டார்கள், பழையபடி நாலு கால், தரையில் வயிறு.

நான் அவரைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் எழுந்தேன். எழுந்தவன் எதிர்ச்சுவரில் அதைப் பார்த்துவிட்டேன், சம்பந்தி. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு, யாருக்கும் தன்னைப் பிடிக்கவில்லை என்று தெரிந்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. "யாரைக் கேட்டு எடுத்தீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன். "என்ன மாமா, நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க!" என்றார். "வியாதின்னு எழுதினேன். கொல்லச் சொல்லியா எழுதினேன்?" என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, ஸ்வீட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த முறை நிஜமாகவே கோபம். ஆகவே கடிதத்தை மாற்றாமல் அப்படியே அனுப்புகிறேன். மன்னிப்பு அதேதான், எதற்கு என்பதை மட்டும் நீங்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவரிடம் பேசிவிடுங்கள். அவர் எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும். வரும்போது என் நோயாளியையும் திருப்பிக் கூட்டிவரச் சொல்லுங்கள், இடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.