முன்வாசல் மறியல்

முன்வாசல் முழுக்க சிமெண்ட் போடுவது என்று முடிவெடுத்தேன். என் முடிவை மாற்ற எந்த அரசாலும் முடிந்ததில்லை. என் மனைவி ஞானம்மாள் அரசு அல்ல.

காரணம் இருக்கிறது. நாற்பது வருடம் தெருவில் நின்று போராடியவனைத் தேடி இப்போது வருவது நாலே தோழர்கள். அவர்களுக்குப் போடும் நாற்காலியும் மழைக்காலத்தில் சேற்றில் இறங்குகிறது. போன கூட்டத்தில் தலைமையுரை முடிவதற்குள் தலைவர் பாதி காணாமல் போயிருந்தார்.

"எதிர்ல அடுக்குமாடி கட்டுனப்ப இன்னா சொன்னீங்க?" என்றாள் ஞானம்மாள். "சுத்தி மண்தரை வுடணும், மழைத்தண்ணி அவன் மனையிலியே எறங்கணும், அதான் சட்டம்னு ரோட்ல படுத்தீங்களே."

"படுத்தேன். அவன் சிமெண்ட் போட்டுட்டானே."

"அதுக்கு நீங்களும் போடணுமா? தண்ணி நேரா பள்ளத்துல கீற சைனம்பு ஊட்டுக்குத்தான் போவும். போன மழைக்கே அவங்க கட்டில் மேல அடுப்பு வெச்சி சமைச்சாங்க."

வரலாறு பதில் சொல்லும் என்று சொல்லிவிட்டுக் கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

மறுநாள் கொத்தனார் ஜுல்ஃபிகர் வந்தான். சென்னை பாடியில் இருந்த தொழிற்சாலையில் என் தொழிற்சங்கத்தில் இருந்தவன். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். கேட்டை மறித்துப் பாய் விரித்து, ஞானம்மாளும் பக்கத்து வீட்டு சைனம்புவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் மெகாபோன்.

"தாண்டி உள்ள வாடா."

"அது எப்டி அண்ணாத்தே? மறியலத் தாண்டி வேலைக்குப் போறவன் துரோகின்னு கம்பெனி கேட்ல நீதான சொல்லிக்குடுத்த."

"அது முதலாளிக்கு எதிரா."

"இன்னிக்கு எனக்குக் கூலி குடுக்கப்போறது யாரு?"

சொல்லிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். சைனம்பு அவனுக்கு இடியாப்பம் வைத்தாள். எனக்கு இல்லை. போராட்டம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு பற்றாதாம்.

ஞானம்மாள் மெகாபோனை எடுத்தாள். "மண்தரைய மூடாதே" என்றாள், பால்காரனைக் கூப்பிடுவதுபோல.

எனக்குப் பொறுக்கவில்லை. "கோஷமா அது? அடிவயித்துலேர்ந்து வரணும், ஞானம்."

"எங்களுக்கு இன்னா தெரியும்? நீங்க ஒரு தபா சொல்லிக் காட்டுங்க."

மெகாபோன் கைக்கு வந்தது. பழைய ரத்தம். "மண்தரையை மூடாதே! மழைநீரை விரட்டாதே!" எதிர் அடுக்குமாடியில் எல்லா பால்கனியிலும் தலைகள் முளைத்தன. என் முஷ்டி தானாக உயர்ந்தது.

"அவரே கை தூக்கிட்டாரு, கோரிக்கைய ஏத்துக்குனாரு" என்றாள் ஞானம்மாள். "தம்பி, சிமெண்ட் வாணாம். மூலைல தூந்து கெடக்குற மழைத்தண்ணி குழிய தூர் வாரு."

நாற்பது வருடத்தில் நான் முழக்கமிட்டு முழுதாக வென்ற போராட்டம் அது ஒன்றுதான்.