மூக்கு மாமா கொடுத்த கடிதம்

இதை எழுதப் பேனா எடுப்பதும் வைப்பதுமாக மூன்று வருஷம் போய்விட்டது. கொஞ்சம் கூட்டி எழுதினாலும் மூக்கு மாமா முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம். கடலூர் ஜில்லாவிலேயே அவருக்கு நிகரான மூக்கு கிடையாது.

எங்கள் ஊறுகாய் கம்பெனியில் நான் பாட்டிலுக்கு மூடி போடுகிறவள். அவர் சரக்கை முகர்ந்து பாஸ் பண்ணுகிறவர். எட்டு வருஷத்தில் "நல்லாருக்கு" என்று ஒரு தடவை சொன்னதில்லை. "பரவால்ல, போவட்டும்" என்றால் அன்றைக்கு எங்களுக்குத் தீபாவளி. திருவந்திபுரத்தில் பெருமாள் பிரசாதத்தையே முகர்ந்து, "புளி நேத்து கரைச்சது" என்றார். அவருக்கும் சேர்த்து நான்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

2009-இல் கம்பெனி திவாலானது. மாங்காய் வாங்க வழியில்லாதபோதும் முதலாளி தன் ஆபீசுக்குக் கண்ணாடிக் கதவு போட்டார். 'ஏற்றுமதி நிறுவனம்' என்று பலகை மாட்டினார். கடைசியில் ஏற்றுமதியானது அவர் மட்டும்தான். கேட்டுக்கு சீல் வைத்தார்கள். நாற்பது பெண்கள் வெயிலில் நின்றோம்.

சிதம்பரத்தில் ஓர் ஊறுகாய்க்காரர் ஆள் எடுத்தார். பழைய கம்பெனியின் கடிதம் வேண்டும் என்றார். கையெழுத்துப் போட மானேஜர் ஏது? மூக்கு மாமா தலையில் வலைத்தொப்பியோடு கேட்டுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் எழுதறேன். வரிசையா வாங்க."

எனக்கு எழுதியது இது: 'வேலை நேரத்திலும் சாமி கதை பேசுவார். திங்கட்கிழமை லேட். ஆனால் மூடி தளர்ந்த பாட்டில் ஒன்றுகூட இவர் கையிலிருந்து போனதில்லை.'

"இன்னா மாமா இது? இப்டி எழுதுனா எவன் வேலை குடுப்பான்?"

"பேசுறியா, இல்லியா?"

"பேசுறேன்தான்..."

"அப்ப எடுத்துட்டுப் போ."

நாற்பது கடிதமும் இதே லட்சணம். சிதம்பரத்து முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "கொறையும் சேத்து எழுதுன லெட்டர இப்பதாம்மா பாக்குறேன். இத நம்பலாம். எல்லாரும் வாங்க. எழுதுனவரையும் கூட்டியாங்க."

மறுநாள் மாமா வந்தார். முதலாளி தன் எலுமிச்சை ஊறுகாயை ஆசையாக நீட்டினார். 'நடராஜா, இன்னிக்கு ஒரு நாள் இவருக்கு ஜலதோஷம் குடு' என்று வேண்டிக்கொண்டேன்.

மாமா முகர்ந்தார். "எண்ணெய் காறுது."

நாற்பது பேருக்கும் வேலை. அவருக்கு மட்டும் இல்லை. மறுவாரமே எண்ணெய் டின்கள் சத்தமில்லாமல் மாறின. அவரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்.

எங்களுக்கெல்லாம் எழுதினவருக்கு ஒரு கடிதம் எழுதித் தர அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். இதோ, இப்போது எழுதுகிறேன்: 'இதமாகப் பேசத் தெரியாது. பெருமாள் பிரசாதத்தையும் விடமாட்டார். ஆனால் இவர் பாஸ் பண்ணியதைக் கண்ணை மூடிக்கொண்டு குழந்தைக்கு ஊட்டலாம்.'

ஊறுகாய் போடுகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் இதைக் காட்டுங்கள். எனக்காக ஒரு வார்த்தையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். மாமாவுக்குத் தெரிந்துவிடும்.