சேவைக் கட்டத்தில் ஒரு சைபர்

கோயமுத்தூர்,
12.9.1995

அன்புள்ள தம்பி ஈஸ்வரமூர்த்திக்கு,

அக்கா சாந்தாமணி ஆசிகளுடன் எழுதுவது. காரமடை ரங்கநாதர் புண்ணியத்தில் இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். ஈரோட்டில் நீயும் அம்மணியும் குழந்தைகளும் மஞ்சள் மண்டியும் அதே போல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றாலும் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் டாக்டரிடம் போ.

ஆனி மாதம் காரமடைக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, நாலு பேர் காதுபட நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கும். "காலேஜ்காரங்க நாலு நாளைக்கு வந்து போட்டோ புடிச்சுட்டுப் போயிருவாங்கக்கா. நீங்க எலையப் போட்டுட்டுக் காத்திருக்கறதுதான் மிச்சம்" என்றாய். பக்கத்து இலைக்காரர் ரசத்தோடு சேர்த்துச் சிரித்தார். நான் அப்போது பதில் சொல்லவில்லை. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதில்லை. இப்போது சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். உக்கடம் குளத்துக்குப் பக்கத்தில் நான் தலைவியாக இருக்கும் மாதர் சங்கத்தில் பத்தொன்பது வருஷமாகத் தையல் சொல்லிக்கொடுப்பவள் சபுரா. அவளிடம் கற்றுக்கொண்டு பிழைக்கிற பெண்கள் இருநூறு பேருக்குக் குறையாது. ஆனால் அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. கோட்டைமேட்டுப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியை வேலை காலியானது. சபுரா இரண்டு தடவை மனுப் போட்டாள். இரண்டு தடவையும், ஏதாவது ஒரு கல்வி நிறுவனம் கொடுத்த சான்று வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சான்றோடு மறுபடி மனுப் போட ஆகஸ்டு முப்பத்தொன்று கடைசித் தேதி. தலைவி என்ற முறையில் நான் இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் நற்சான்று எழுதிக் கொடுத்தேன். என் ஆங்கிலத்தைப் பள்ளியில் பாராட்டினார்களாம், ஆனால் நான் கல்வி நிறுவனம் இல்லையாம். அந்தப் பெண் மனுவை மடித்துப் பாபின் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள் போல மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்துவிட்டு எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தக் கல்லூரி வந்து சேர்ந்தது. பெயரை எழுதமாட்டேன், எங்கள் தபால்காரருக்குக் கடிதங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. புதிதாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஊருக்குள் ஏதாவதொரு சங்கத்தில் நாற்பது மணி நேரம் சேவை செய்தும் கற்றும் வர வேண்டும், சங்கத்தின் தலைவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் தேர்ச்சி. ஜூலையில் எட்டுப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள். நித்யஸ்ரீ என்று கண்ணாடி போட்ட ஒரு பெண் அவர்களுக்குத் தலைவி. ஆளுக்கொரு புது விளக்குமாறு, பெயின்ட் காயாத ஒரு பேனர். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, சங்கத்தில் சமையலும் கூட்டலும் பார்க்கும் எங்கள் சின்னத்தாயி விடியற்காலையிலேயே ஹாலை இரண்டு தடவை கூட்டி, மூன்றாவது தடவை கழுவியும் விட்டிருந்தாள். அந்த ஈரத் தரையில் நின்றுகொண்டு நித்யஸ்ரீ மிக மரியாதையாக, "கொஞ்சம் குப்பை இருக்குதுங்களா?" என்று கேட்டாள். சின்னத்தாயியின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "எங்க சங்கத்துல குப்பை இருக்குதுன்னு உங்களுக்கு யாரு கண்ணு சொன்னது?" என்றாள். அத்தோடு, வீட்டுக்கு வந்த விருந்தாளி கையில் விளக்குமாறு இருந்தால் வீடு விளங்குமா என்று எட்டையும் பிடுங்கிக் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டாள். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் போட்டோம். மூன்று மணி நேரம் அதிலேயே போயிற்று.

மறுநாள் கேள்வித்தாளோடு வந்தார்கள். அறுபத்திரண்டு கேள்வி. குடும்பத்தில் எத்தனை பேர், வீட்டுக்காரர் குடிப்பாரா, குடித்தால் வாரத்துக்கு எத்தனை நாள். நம் பெண்கள் யார் கேட்டாலும் பதில் சொல்வார்கள், ஆனால் கேட்கிறவர் யார் என்று தெரிய வேண்டாமா? எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், தாய்வழி யார், தோட்டத்தில் கிணறு எத்தனை அடி, அக்காவுக்கு ஏன் இன்னும் ஆகவில்லை என்று ஆரம்பித்தார்கள். தல்ஹா என்று ஒரு பையன், எங்கள் சங்கத்து பக்ருன்னிசாவுக்கு ஒன்றுவிட்ட மருமகன் முறை என்று மூன்றே கேள்வியில் தெரிந்துபோயிற்று. அப்புறம் அவன் பேனாவை மூடிவிட்டான். நாலரை மணிக்கு வேன் வந்தபோது எட்டுக் குடும்பங்களின் விவரங்கள் முழுமையாகச் சேகரிக்கப்பட்டிருந்தன. எல்லாம் எங்களிடம்.

மூன்றாம் நாள், சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பொறுக்காமல் சபுரா ஆளுக்கொரு ஊசியைக் கொடுத்தாள். தல்ஹாவின் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை, அதில் தொடங்கினாள். பொத்தான், கொக்கி, ஓரம் மடித்தல், பிறகு காகிதத்தில் வெட்டு, பிறகு துணியில் வெட்டு. பையன்கள் நாலு பேரும் மெஷினில் உட்கார்ந்தார்கள். பாடம் தினம் ஒன்றரையிலிருந்து நாலரை வரை. நான் தினமும் வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். போட்டோ என்றாயே, ஒருவரும் ஒரு போட்டோ எடுக்கவில்லை. எட்டுப் பேர் கையிலும் ஊசி இருந்தது.

பதினாலு நாள் முடிந்ததும் படிவம் என்னிடம் வந்தது. இரண்டு கட்டங்கள். ஒன்று, மாணவர் செய்த சேவை, மணிக்கணக்கில். இன்னொன்று, மாணவர் கற்றது, மணிக்கணக்கில். நான் என் நோட்டைப் பார்த்தேன். பதினாலு நாள், நாளுக்கு மூன்று மணி, நாற்பத்திரண்டு. ஒரு நாள் டயர் பஞ்சராகி வேன் ஒரு மணி நேரம் தாமதம், அது போக நாற்பத்தொன்று. அத்தனையும் கற்றல் கட்டத்தில் எழுதினேன். சேவைக் கட்டத்தில் அழகாக ஒரு சைபர் போட்டேன். கூட்டவில்லை, கழுவவில்லை, கேட்டதைவிடச் சொன்னதுதான் அதிகம். பொய்யில் கையெழுத்துப் போட நான் கன்னியாஸ்திரீகளிடம் பதினோரு வருஷம் படிக்கவில்லை.

மறுநாள் காலை கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் மனோஜ்குமார் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். நல்ல பையன், ஆனால் வியர்த்துக் கொட்டுகிறது. சின்னத்தாயி மோர் கொடுத்தாள்.

"அம்மா, சேவையில சைபர் போட்டிருக்கீங்க. எட்டுப் பேரும் பெயிலாயிருவாங்க. ஒரு இருபது மணி நேரமாச்சும் போட்டுக் கொடுத்துருங்க."

"செய்யாத இருபது மணியை எங்கிருந்து எடுத்துப் போடட்டுங்க?"

"வந்து உக்காந்ததே சேவைதானுங்களே அம்மா."

"வந்து உக்காந்ததுக்குச் சோறு போட்டாச்சுங்க."

அவர் இரண்டாவது டம்ளர் மோரைக் குடித்தார். படிவத்தோடு அவர்கள் கல்லூரியே அனுப்பியிருந்த விதிப் புத்தகத்தை நான் அலமாரியிலிருந்து எடுத்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கடைசி வரி வரை படி என்று எங்கள் கான்வென்ட் மதர் பெனடிக்டா சொல்வார். நான் படித்திருந்தேன், மனோஜ்குமார் படிக்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. இரண்டு கட்டமும் சேர்ந்து நாற்பது வந்தால் போதும். ஆனால் கற்றல் மணிகளுக்கு, கற்பித்தவரைப் பயிற்றுநர் என்று கல்லூரி எழுத்தில் அங்கீகரிக்க வேண்டும். அவரையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"சபுராவை உங்க காலேஜ் பயிற்றுநர்னு எழுதி, பிரின்சிபால் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொண்டுவாங்க. உங்க எட்டுப் பேரும் பாஸ். இல்லீங்கன்னா என்ற சைபர் அங்கியே இருக்கட்டுங்க" என்றேன்.

மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தால் சபுரா நூலைப் பல்லில் கடித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வாரமாக அந்தப் பெண் கேட்காமலேயே எதற்குக் காத்திருந்தாள் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. மனோஜ்குமாரும் அதைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். மூன்றாவது டம்ளரை வைத்துவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள வாரேனுங்கம்மா" என்று போனார். சாயங்காலம் வரவில்லை. பிரின்சிபால் வெளியூர், எழுத்தர் லீவு, முத்திரை பூட்டிய மேஜையில். நான் தினம் இரண்டு தடவை டெலிபோன் செய்தேன், கடைசியில் அந்த எழுத்தரே என் குரலைக் கேட்டதும் "இன்னைக்கும் இல்லீங்கம்மா" என்று தொடங்கிவிடுவார். ஆகஸ்டு முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு மனோஜ்குமார் உறையோடு வந்தார். தடித்த காகிதம், வட்ட முத்திரை, பட்டப்படிப்பு மாணவர் எண்மருக்கு முப்பத்தைந்து மணி நேரம் தையற்கலை பயிற்றுவித்தார் என்று சபுராவின் பெயர். பாக்கி ஆறு மணி தனிக் காகிதத்தில் சின்னத்தாயி பெயரில், வீட்டு நிர்வாகம் என்று. அவள் அதைச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டிவிட்டாள், அடுப்புப் புகை படும் என்று சொன்னால் படட்டும் என்கிறாள்.

போன வாரம் நேர்முகம். நானும் கூடப் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். தலைமை ஆசிரியை ஹபீபுன்னிசா கண்டிப்பானவர், எனக்குப் பிடித்த மாதிரி. சான்றைப் பார்த்தார், முத்திரையைத் தடவியும் பார்த்தார். பிறகு சாக்பீஸைக் கொடுத்து, ஜாக்கெட் அளவுகளைப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். ஈஸ்வரமூர்த்தி, ஜன்னல் வழியாக என் கண்ணால் பார்த்தேன். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், ஒவ்வொன்றையும் குண்டு குண்டாக, சேர்த்து எழுதும் எழுத்தில், கான்வென்ட்டில் எழுதுவது போலவே எழுதினாள். பத்தொன்பது வருஷம் என் பக்கத்தில் இருந்ததன் பலன். வேறு யார் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். அடுத்த வருஷம் நாற்பது பிள்ளைகளை அனுப்ப அனுமதி கேட்டுக் கல்லூரி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. யோசித்துச் சொல்வதாகப் பதில் போட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கட்டும்.

ஆகவே தம்பி, அடுத்த கல்யாணப் பந்தியில், அதே நாலு பேர் காதுபட, நீ சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்வாய் என்று எதிர்பார்க்கிறேன். ஒருவர் நேர்மையாக ஒரு சைபர் போட்டால் அதன் மதிப்பு என்ன என்று மண்டிக்காரனான உனக்குத் தெரிய வேண்டும்.

அம்மணிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். மழைக்காலம் வருகிறது, காதில் பஞ்சு வைத்துக்கொள். ரங்கநாதர் உங்கள் எல்லோரையும் காப்பார், என்னைக் காப்பதில் அவருக்கு அதிக வேலை இல்லை.

இப்படிக்கு,
உன் அக்கா
சாந்தாமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் சபுரா வந்தாள். பள்ளியிலிருந்து நேராக வருகிறாள். "ஏனுங்கம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே" என்று தொடங்கினாள். தையல் நடந்த பன்னிரண்டு நாளும் இரண்டரையிலிருந்து மூன்றரை வரை நான் நாற்காலியில் தூங்கினேனாம். அந்த ஒரு மணி நேரம், சத்தம் கேட்டு நான் எழுந்துவிடக் கூடாது என்று, எட்டுப் பிள்ளைகளும் இவளையும் சின்னத்தாயியையும் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்ச் சிலேட்டில் ஆங்கில எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்களாம். அந்தக் குண்டு எழுத்து நித்யஸ்ரீயுடையதாம். சின்னத்தாயி இப்போது உக்கடம் பஸ் நிலையத்தில் ஆங்கில போர்டு படித்து ஏறுகிறாளாம். ஆக மொத்தம் சேவை பன்னிரண்டு மணி நேரம், என் சைபர் பொய். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க தூங்கறீங்கன்னு உங்ககிட்ட யாருங்கம்மா சொல்லுவா? அதுவுமில்லாம, பன்னெண்டு மணி நேரம்னு போட்டிருந்தீங்கன்னா அந்த சார் பேசாம வாங்கிட்டுப் போயிருப்பாரு. என்ற பேப்பர் எங்கீங்க வந்திருக்கும்?" என்கிறாள். நான் தூங்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன். நாளைக்கே கல்லூரிக்குப் போய்த் திருத்திவிடலாம் என்று புடவை எடுத்து வைத்தேன், பிறகு மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். நீ பந்தியில் ஒன்றும் சொல்ல வேண்டாம். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. எட்டுப் பேரும் சேர்ந்து தைத்தது என்று சபுரா ஒரு தலையணையைக் கொடுத்துவிட்டுப் போனாள், என் நாற்காலி அளவுக்குச் சரியாக இருக்கிறது. நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். தையலில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.