நாலாவது சம்புடத்தில் ஒரு செல்போன்

உலகத்தில் எல்லோரும் செல்போனைப் பேசுவதற்கும் படம் பார்ப்பதற்கும் வாங்குகிறார்கள். தொடாமல் வைத்திருப்பதற்கென்றே ஒன்றை வைத்திருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, சம்புடம் அண்ணாச்சிதான். இதை யாராவது மறுத்தால் நான் பஸ் பிடித்து வந்து சாட்சி சொல்லத் தயார்.

அண்ணாச்சி குற்றாலத்தில் ஒரு சின்ன லாட்ஜுக்கு மேனேஜர். நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. தென்காசி வட்டாரம் முழுக்க டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடப்பது என் உத்தியோகம். அந்த லாட்ஜில் இரண்டு வருஷம் மாத வாடகைக்கு இருந்தேன். சீசன் தொடங்கிச் சாரல் அடித்தால் அங்கே உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி நமத்துப்போகும், அப்பளம் துணி மாதிரி தொங்கும். அதனால் அண்ணாச்சி எல்லாவற்றையும் எவர்சில்வர் சம்புடங்களில் போட்டு, இறுக்க மூடி, மேஜைமேல் வரிசையாக வைத்திருப்பார். இது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். நாலாவது சம்புடத்தில் செல்போனை வைத்து மூடியது மட்டும் அண்ணாச்சியின் சொந்த மூளை.

காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகள் இசக்கி ராணுவத்தில் நர்ஸ். வடக்கே ஏதோ மலையில் வேலை. அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. அதுவும் பத்துப் பேர் வரிசையில் நிற்கும் பொது போனில். திருப்பிக் கூப்பிட வழியில்லை. ஒரு தடவை அவள் கூப்பிட்ட நேரத்தில் இவருடைய போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அப்பாவுக்கு என்னவோ ஏதோ என்று அந்தப் பெண் மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து அண்ணாச்சி அந்தப் போனில் யாரிடமும் பேசுவதில்லை. எந்நேரமும் சார்ஜரில் போட்டுவைக்கலாமே என்றால், "ஈரத்துல பிளக்கு பொறி பறக்குது. வெடிச்சா நீரா வருவீரு?" என்பார்.

காலையில் சார்ஜரிலிருந்து எடுத்துச் சம்புடத்தில் வைக்கும்போது நூறு இருக்கும். மத்தியானம் திறந்தால் ஐம்பத்தெட்டு.

"நான் தொட்டனா? ஒரு பொத்தானை அமுக்குனனா? சும்மா கெடந்த போனுல நாப்பத்திரண்டத் தின்னவன் எவன்வே?" என்று வாசலில் நின்று கேட்பார். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த ஒரு கேரளத்துக் குடும்பம் பயந்துபோய், "ஞங்ஙள் அல்ல" என்றது.

சந்தேகம் அடுத்து என்மேல் விழுந்தது. "உம்ம போன் பெருசு. பக்கத்துல வச்சா எம் போனுல உள்ளத உறிஞ்சிருமோ?" என்று என் போனை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளினார். பிறகு திரை வெளிச்சத்தைக் குறைத்தார். குறைத்த குறைப்பில், சார்ஜ் எவ்வளவு என்று பார்ப்பதற்கே டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. லொகேஷனை அணைக்கலாம் என்று நான் சொன்னதும் கொதித்துவிட்டார். "நான் எங்க இருக்கேன்னு அது எதுக்குவே பாக்குது? முப்பது வருசமா இங்கனதான இருக்கேன்!"

கடைசியில் தென்காசியில் ஒரு செல்போன் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் ஒரு நாள் முழுக்க மேஜைமேல் போட்டுவைத்துப் பார்த்துவிட்டு, "மூணுதான் எறங்கிருக்கு அண்ணாச்சி. போன் தங்கமா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதே மணி அடித்தது. இசக்கிதான்.

"அப்பா, இன்னும் மேல போகச் சொல்லிட்டாங்க. அங்கன போனே கெடையாது. ஞாயித்துக்கெழம கெளம்புதோம். அதுக்கு முன்னால ஒருக்கா கூப்புடுதேன், எடுத்துருங்க."

அந்த ஒரு அழைப்பை விட்டால் இரண்டு மாதத்துக்கு மகளின் குரலே கேட்க முடியாது. அண்ணாச்சி லாட்ஜுக்கு வந்து தீர்ப்புச் சொன்னார்: "கடையில எறங்கல, இங்கன எறங்குது. அப்ப சாரல்தான்வே குடிக்குது." போனைத் துணியில் சுற்றி, திருகுமூடி போட்ட கனமான சம்புடத்துக்கு மாற்றினார். சார்ஜ் முன்னைவிட வேகமாக இறங்கியது. கல்லூரியில் படித்தவன் நான், பக்கத்தில் நின்று சிரித்தேனே தவிர யோசிக்கவில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணாச்சி காலையிலிருந்து மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. மணிக்கு ஒரு தரம் மூடியைத் திறப்பார், எண்ணைப் பார்ப்பார், டக்கென்று மூடிவிடுவார். நூறில் தொடங்கியது பன்னிரண்டரைக்கு முப்பத்தொன்றில் நின்றது.

"புள்ள கூப்புடலியேவே" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணியாவது ஒழுங்காக அடிக்கிறதா பார்ப்போம் என்று என் போனிலிருந்து அவர் நம்பருக்கு அடித்தேன். இரண்டடி தூரத்தில் இருந்த அந்தப் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது.

மூடியைத் திருகித் திறந்து, துணியை உருவி எறிந்து, போனை ஜன்னலில் வைத்தேன். ஒரு நிமிஷத்தில் செய்தி வந்து விழுந்தது. தெரியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள்; கடைசி அழைப்பு பதினொன்றேகாலுக்கு.

"அண்ணாச்சி, சம்புடம்தான் காரணம். மூடிட்டா சிக்னல் உள்ள போகாது. டவர் எங்க, டவர் எங்கன்னு அது தேடிக்கிட்டே கெடக்கும். அதுலதான் சார்ஜ் பூரா போயிருக்கு."

அண்ணாச்சி ஜன்னலில் இருந்த போனை உற்றுப் பார்த்தார். "அப்ப அது சும்மா கெடக்கலியா?"

"ஒரு நிமிஷம்கூட சும்மா இல்ல, அண்ணாச்சி."

"அதப் போட்டு என்ன திட்டுத் திட்டுனேன்..." என்றவர், தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புள்ள மூணு தடவ கூப்புட்டுருக்கா. நானே மூடி வச்சிட்டேனே."

இரண்டு பேரும் ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். சாரல் உள்ளே அடித்தது. அண்ணாச்சி எழுந்துபோய்க் குடையை எடுத்துவந்து, அறைக்குள்ளேயே விரித்து, போனுக்குப் பிடித்துக்கொண்டார். சாவி கேட்டு வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று மணி நேரத்தில் சார்ஜ் மூன்றுதான் இறங்கியிருந்தது.

மூன்றே முக்காலுக்கு மணி அடித்தது. குடை ஒரு பக்கம் போனது.

"ஏட்டி இசக்கி! எனக்கு ஒண்ணுமில்லட்டி, நல்லாத்தான் இருக்கேன். நாந்தான் புத்திகெட்டுப் போயி போனை மூடி வச்சிட்டேன். சாப்ட்டியா? அங்கன குளிரு எப்பிடி? ஸ்வெட்டரு போட்டிருக்கியா? சரி, பாத்துப் போ. வச்சிருட்டி, சார்ஜ் போயிரும்."

வைத்தேவிட்டார். முழுசாக ஒரு நிமிஷம்கூட இருக்காது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இருவத்தெட்டு இருக்கே அண்ணாச்சி! இன்னும் நாலு வார்த்த பேசினா என்ன?"

"சார்ஜுக்காவா வச்சேன்?" என்று குடையை மடக்கினார். "அங்கன வரிசையில நிக்குத புள்ளையளுக்கும் அப்பன் இருப்பான்லா வே."

இசக்கி இரண்டு மாதத்தில் நல்லபடியாக இறங்கி வந்துவிட்டாள். நாலாவது சம்புடத்தில் இப்போது முறுக்கு இருக்கிறதாம். நான் மதுரைக்கு மாறி வந்துவிட்டேன். மேஜைமேல் சும்மா கிடந்த என் போனில் சார்ஜ் இறங்கியிருந்தால் இப்போதெல்லாம் நான் அதைத் திட்டுவதில்லை. அண்ணாச்சிக்கு ஒரு போன் போடுவேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

"சார்ஜ் எவ்வளவு இருக்கு அண்ணாச்சி?" என்று வம்புக்குக் கேட்பேன்.

"அது கெடக்கட்டும்வே. நீரு சாப்ட்டீரா?"